தேம்ஸ் கரையின் இலகு ரயில்: தண்டவாளம் போடுமுன் பேச வேண்டியவை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், லண்டனின் டொக்லாண்ட்ஸ் இலகு ரயில் பாதையைத் தேம்ஸ் நதிக்கு அடியாகத் தேம்ஸ்மீட் வரை நீடிக்கும் திட்டத்துக்கு அரசின் ஆதரவு அறிவிக்கப்பட்டது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பகுதிகளிலும், நதிக்குத் தெற்கே வூலிச், பிளம்ஸ்டெட் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எங்கோ நடக்கும் பொறியியல் வேலை அல்ல. அவர்களின் வேலைப் பயணம், வீட்டு வாடகை, நாளை அவர்களின் பிள்ளைகள் அதே பகுதியில் வீடு எடுக்க முடியுமா என்ற கேள்வி ஆகிய மூன்றையும் இத்திட்டம் தொடுகின்றது.

ஆதரவு அறிவிப்பு என்பது கட்டுமானத் தொடக்கம் அன்று. அறிவிப்புக்கும் முதல் மண் வெட்டப்படுவதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலேயே ஒரு ரயில் பாதையால் யார் பயன் பெறுவார்கள் என்பது முடிவாகின்றது. அதற்கான சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இதே டொக்லாண்ட்ஸ் ரயிலின் வரலாறே அதைச் சொல்லும்.

கைவிடப்பட்ட துறைமுகம்

கொள்கலன் கப்பல்கள் வந்தபின் லண்டனின் பழைய கப்பல்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1967இல் கிழக்கிந்தியத் துறையும், 1968இல் சென்ற் கதரின்ஸ் துறையும், 1980இல் மேற்கிந்திய, மில்வோல் துறைகளும் மூடப்பட்டன. 1981இல் றோயல் துறைகளிலும் வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத் தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேலையிழந்தன. நகரின் நடுவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே பரந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது.

எழுபதுகளில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. பின்னாளில் ஜூபிலி பாதை எனப் பெயர் பெற்ற நிலக்கீழ் ரயிலைக் கிழக்கு நோக்கி, துறைமுகப் பகுதி வழியாகத் தேம்ஸ்மீட் வரை கொண்டுசெல்வதே அத்திட்டம். தேம்ஸ்மீட் அப்போது சதுப்பு நிலத்தில் புதிதாக எழுந்துகொண்டிருந்த குடியிருப்பு நகர். 1968இல் முதற் குடும்பங்கள் அங்கு குடியேறின. வீடு முதலில் வந்தது, ரயில் பின்னர் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. பணம் இல்லையென அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜூபிலி பாதை 1999இல் கிழக்கே நீண்டபோதும் அது தேம்ஸ்மீட்டுக்குப் போகவில்லை. ஸ்ட்ராட்போர்ட் நோக்கித் திரும்பிவிட்டது. நகர் பிறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அங்குள்ள மக்கள் ரயில் பிடிக்க வேண்டுமானால் முதலில் பேருந்து ஏறி அபே வூட் அல்லது வூலிச் வரை செல்ல வேண்டியுள்ளது.

77 மில்லியன் பவுணில் ஒரு ரயில்

1981இல் லண்டன் டொக்லாண்ட்ஸ் மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. நிலத்தை மேம்படுத்தும் பொறுப்போடு, அப்பகுதி உள்ளூராட்சி மன்றங்களிடம் இருந்த திட்ட அனுமதி அதிகாரமும் அதன் கைக்குச் சென்றது. நிலக்கீழ் ரயிலுக்குப் பணம் இல்லாத நிலையில் மலிவான மாற்று வழி தேடப்பட்டது. 1982இல் 77 மில்லியன் பவுண் என்ற உச்ச வரம்புடன் இலகு ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது.

அத்தொகைக்குள் ஒரு ரயில் பாதையை முடித்த பொறியியலாளர்களின் திறமை மெச்சத்தக்கது. 1840இல் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த பிளக்வோல் ரயில் பாதையின் செங்கல் வளைவுப் பாலங்கள் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. கூரிய வளைவுகளில் திரும்பக்கூடிய சிறிய வண்டிகள் தெரிவு செய்யப்பட்டன. ஓட்டுநர் இல்லை, கணினியே வண்டியைச் செலுத்தியது. நிலையங்களில் பயணச்சீட்டுத் தடுப்புக் கதவுகள் இல்லை. 1987 ஜூலை 30ஆம் நாள் எலிசபெத் மகாராணியார் திறந்துவைக்க, ஓகஸ்ட் 31இல் மக்கள் பயணம் தொடங்கியது. அன்று இருந்தவை 15 நிலையங்களும் 11 வண்டிகளும் மட்டுமே. ஒவ்வொரு வண்டியும் தனித்தே ஓடியது.

மலிவின் விலை விரைவிலேயே தெரிந்தது. பாதை திறக்கப்படும் முன்னரே கனேரி வார்ஃப் பகுதியில் மாபெரும் அலுவலகக் கட்டடத் தொகுதி திட்டமிடப்பட்டுவிட்டது. ஒற்றை வண்டிகளால் அந்தக் கூட்டத்தைச் சுமக்க முடியாது என்பது தெளிவாகியது. நடைமேடைகள் இரண்டு வண்டிகளுக்கு ஏற்ப நீட்டப்பட்டன. கனேரி வார்ஃபில் கட்டப்பட்டிருந்த சிறு நிலையம் திறக்கப்படாமலே இடிக்கப்பட்டு, பெரிய நிலையமாக மீண்டும் கட்டப்பட்டது. முதல் வண்டிகள் சுரங்கப் பாதைக்குத் தகுதியற்றவை என்பதால், 1991இல் பாங்க் நிலையம் வரை சுரங்கம் வந்தபோது அவை ஜேர்மனியின் எசென் நகருக்கு விற்கப்பட்டன. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சமிக்ஞை முறைமை முழுவதும் மாற்றப்பட்டது. பின்னர், மூன்று வண்டிகளுக்காக நடைமேடைகள் இன்னொரு முறை நீட்டப்பட்டன. மக்கள் பயணம் செய்துகொண்டிருக்கும்போதே பாதையை மூடியும் திறந்தும் செய்யப்பட்ட இவ்வேலைகளுக்கு ஆன செலவு, முதலில் சேமித்த பணத்தை விழுங்கியது.

ஆயினும் இப்பாதை தோல்வி அன்று. இன்று அது 45 நிலையங்களுடன் 38 கிலோமீட்டர் நீண்டுள்ளது. 1994இல் பெக்டன் வரை பாதை நீண்டபோது றோயல் துறைகளின் கரை ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தது. ஆளில்லாத இடத்துக்கு ரயிலா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1999இல் கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தின் வளாகமும், 2000இல் எக்செல் கண்காட்சி மண்டபமும் அதே கரையில் வந்தன. 2022இல் லண்டன் மாநகர மண்டபமும் அங்கேயே இடம்பெயர்ந்தது. ரயில் முதலில் வந்த இடத்தில் நகர் பின்தொடர்ந்தது. வீடு முதலில் வந்த தேம்ஸ்மீட்டில் ரயில் பின்தொடரவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பணம் கொடுப்பவர் கேட்பது

இத்தகைய பாதைக்குப் பணம் வரும் வழிகள் மூன்று. அரசின் மானியம் முதலாவது. வருங்காலக் கட்டண வருவாயை நம்பிப் பெறும் கடன் இரண்டாவது. பாதை வருவதால் விலையேறும் நிலத்தின் உரிமையாளரிடமிருந்து ஒரு பங்கைப் பெறுவது மூன்றாவது. மூன்றாம் வழியே நியாயமானது போலத் தோன்றும், நியாயமானதும் கூட. ஆனால் அதைச் செய்யும் முறையில்தான் வேறுபாடு இருக்கின்றது.

கனேரி வார்ஃபைக் கட்டிய ஒலிம்பியா அன்ட் யோர்க் என்ற கனேடிய நிறுவனம் பாங்க் நீட்சிக்குப் பங்களித்தது. ஜூபிலி பாதை நீட்சிக்கும் 400 மில்லியன் பவுண் தருவதாக உறுதியளித்தது. 1992இல் அந்நிறுவனம் நொடித்துப்போனது. ஜூபிலி நீட்சியின் வேலைகள் தாமதமாகி 1993இன் இறுதியிலேயே தொடங்கின. இறுதிச் செலவு சுமார் 3.5 பில்லியன் பவுணை எட்டியது; அதில் பெரும்பகுதி பொதுப்பணம். ஒரே நிறுவனத்தின் வாக்குறுதியை நம்பிப் பாதை போட்டால், அந்நிறுவனத்தின் வேண்டுகோள் முதலிடம் பெறும். அது விழுந்தால் சுமை மக்கள் மேல் விழும்.

எலிசபெத் பாதைக்கு வேறு முறை கையாளப்பட்டது. 2010இலிருந்து லண்டனில் 55,000 பவுணுக்கு மேற்பட்ட வரிமதிப்புள்ள வணிகக் கட்டடங்களிடம் ஒரு பவுணுக்கு 2 பென்ஸ் வீதம் கூடுதல் வரி அறவிடப்பட்டது. 2012இலிருந்து புதிய கட்டடங்களிடமும் ஒரு வரி பெறப்பட்டது. சிறு கடைகள் பெரும்பாலும் இவ்வரம்புக்குக் கீழே நின்றன. சுமை பலரிடம் பகிரப்பட்டதால் எந்த ஒரு நிறுவனமும் பாதையின் போக்கைத் தீர்மானிக்க முடியவில்லை.

தேம்ஸ்மீட் நீட்சிக்கு சுமார் 1.7 பில்லியன் பவுண் செலவாகும் என மதிப்பிடப்பட்டுள்ளது. பெக்டன் ரிவர்சைடிலும் தேம்ஸ்மீட்டிலுமாக 25,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்ட இப்பாதை வழிவகுக்கும் என்பதே இச்செலவுக்கான முக்கிய நியாயமாக முன்வைக்கப்படுகின்றது. அவ்வாறாயின் முதற் கேள்வி, அவை யாருக்கான வீடுகள் என்பதே. 2021ஆம் ஆண்டு லண்டன் திட்டம் புதிய வீடுகளில் 50 விழுக்காடு சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் அமைய வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. விரைவு அனுமதி பெற விரும்புவோருக்குப் பொதுவாக 35 விழுக்காடு வரம்பு விதிக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் அவ்வரம்பைத் தற்காலிகமாக 20 விழுக்காடாகக் குறைக்கும் யோசனையை அரசும் மாநகர முதல்வரும் அறிவித்தனர். பொதுப்பணத்தில் ரயில் வந்து, நிலத்தின் விலை ஏறி, ஐந்தில் ஒரு வீடு மட்டுமே சாதாரணக் குடும்பத்துக்குக் கிட்டுமானால், அந்த ரயிலின் பயன் எங்கே போகின்றது என்பதைக் கேட்பது குடிமக்களின் கடமை.

எதிர்ப்பது தீர்வல்ல

வாடகை ஏறும் என்பதால் ரயிலே வேண்டாம் என்று சொல்வோரும் உளர். அவர்களின் அச்சம் பொய்யன்று. கனேரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்களின் நிழலிலேயே வறிய குடும்பங்கள் நெருக்கடியான வீடுகளில் வாழ்வதை டவர் ஹம்லெட்ஸ் பகுதியில் எவரும் காணலாம். ஆனால் ரயில் இல்லாமை வறியவரைக் காப்பதில்லை. அது அவர்களின் நேரத்தைத் தின்கின்றது. விடியற்காலையில் அலுவலகம் துப்புரவு செய்யப் போகும் தாய்க்கும், இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாதிக்கும் இரண்டு பேருந்துகள் மாறுவதே வாழ்க்கையாகின்றது.

பேருந்தே போதும் என்ற வாதமும் இங்கு பொருந்தாது. பெக்டனும் தேம்ஸ்மீட்டும் நதியின் இரு கரைகளில் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளன. வூலிச் படகுத்துறைக்குக் கிழக்கே, டார்ட்போர்ட் வரை, நதியைக் கடக்க ஒரு வீதியும் இல்லை. கண்ணுக்கெட்டும் இடத்துக்குச் செல்லச் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும் வரையில், அக்கரை வேலைவாய்ப்பும் கல்லூரியும் இக்கரை இளையோருக்கு எட்டாதவையே.

ஆகவே ரயில் வேண்டும். நிபந்தனைகளோடு வேண்டும். முதற் கட்டத்திலேயே போதிய நீள நடைமேடைகளுடன் வேண்டும். 1987இன் தவறு மீண்டும் நிகழக் கூடாது. செலவின் ஒரு பங்கு நிலவிலை உயர்விலிருந்து, பலரிடமிருந்து, சட்டப்படி வர வேண்டும். கட்டுப்படியான வீடுகளின் விகிதம் பாதைக்கான நிதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தமிழ்ச் சமூகம் செய்யக்கூடியவை

எண்பதுகளில் டொக்லாண்ட்ஸ் மக்களிடம் இருந்து பறிக்கப்பட்ட குரல் இன்று சட்டத்தில் ஓரளவு இருக்கின்றது. 1992ஆம் ஆண்டின் போக்குவரத்து, பணிகள் சட்டத்தின்படி இத்தகைய பாதைக்கு ஆணை கோரும்போது, எவரும் 42 நாட்களுக்குள் ஆதரவையோ ஆட்சேபத்தையோ எழுத்தில் தெரிவிக்கலாம். அதற்கு முன்னரும் கருத்துக் கேட்புகள் நடைபெறும்; 2024இல் அவ்வாறு ஒன்று நடந்தது. உள்ளூராட்சி மன்றங்களின் நிலத் திட்டங்களும் மக்கள் கருத்துக்கு வைக்கப்படுகின்றன.

கோயில் திருவிழாவுக்கு வீதி மூட அனுமதி பெறவும், தமிழ்ப் பள்ளிக்கு வார இறுதியில் மண்டபம் பெறவும் மன்றங்களின் கதவைத் தட்டத் தெரிந்த சமூகம் இது. அதே திறமை வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் பயன்பட வேண்டும். இங்கு பெற்றோரும் இளையோரும் ஒருவருக்கொருவர் துணையாக முடியும். எந்த நேரத்தில் எந்தப் பேருந்து வராது, வாடகை எவ்வளவு ஏறியது என்பது பெற்றோரின் அனுபவ அறிவு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட திட்ட அறிக்கையைப் படித்து, அதன் கணக்கைச் சரிபார்த்து, ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுவது பொறியியலும் சட்டமும் பொருளியலும் கற்கும் பிள்ளைகளால் முடியும். ஒரு மேசையில் இருவரும் அமர்ந்தால் அதிகாரிகள் ஒதுக்கிவிட முடியாத மனு ஒன்று உருவாகும்.

சோமாலிய, வங்காள, நைஜீரிய, வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களும் இதே பேருந்துகளிலேயே பயணம் செய்கின்றனர். அவர்களோடு சேர்ந்து எழுதப்படும் மனுவுக்கு வலு அதிகம். அடுத்த கருத்துக் கேட்பு அறிவிக்கப்படும் நாளில், ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் ஒரு மாலை நேரமாவது இதற்கென ஒதுக்கப்படட்டும். பாதை திறந்த பின்னர் பயணிகளாக மட்டும் ஏறிச் செல்வதைவிட, அது யாருக்காக, எந்த நிபந்தனையில் போடப்படுகின்றது என்பதில் பங்கேற்பதே இந்நகரில் வரி செலுத்தி வாழும் மக்களுக்கு உரியது.