முதல் சம்பளமும் முதல் பரிசோதனையும்

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்கு வருவோரில் முப்பதை ஒட்டிய வயதினர் பலர். சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, வில்லங்கச் சான்று என ஒவ்வொரு தாளையும் அவர்கள் ஒழுங்காக அடுக்கி எடுத்து வருகிறார்கள். தமக்குப் பின் கடன்சுமை குடும்பத்தின் தலையில் விழக்கூடாது என்று கருதுவோர் ஆயுள் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். தொகை பெரிதாயின் காப்பீட்டு நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கேட்கும். தமக்கு உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருப்பதை அந்தப் பரிசோதனையில்தான் முதன்முறையாக அறிந்துகொள்பவர்கள் உண்டு. வீடு வாங்க நினைத்திராவிட்டால், இன்னும் எத்தனை ஆண்டுகள் அறியாமலே இருந்திருப்பார்கள்?

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒருவர் வேலையில் சேரும்போது உடற்தகுதிச் சான்று கேட்கப்படுகிறது. அன்று ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. அதன்பின் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் மருத்துவரிடம் போவாரேயன்றி, நலமாக இருக்கும் நாளில் தம்மைச் சோதித்துக்கொள்ளப் போவதில்லை. நாற்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பதே வீட்டாரின் எண்ணமும் நண்பர்களின் எண்ணமும். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பது நம் கருத்து. சம்பளக் கணக்குத் தொடங்கும் ஆண்டிலேயே உடலுக்கும் ஒரு கணக்குத் தொடங்கப்பட வேண்டும்.

முப்பது என்னும் கோடு

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2010இல் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. பின்னர் அது விரிவடைந்து, 30 வயது நிறைந்த அனைவருக்கும் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகிய ஐந்தையும் கண்டறியும் முயற்சியாக வளர்ந்தது. இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று வழங்கப்படும் நலவாழ்வு மையங்களில் இச்சோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

கோடிக்கணக்கான மக்களுக்கான திட்டம் எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். செவிலியரும் ஆய்வகமும் மருந்தும் அளவோடுதான் உள்ளன. நோய் மிகுதியாகக் காணப்படும் வயதிலிருந்து தொடங்குவது நியாயமே. இடர் இங்கேதான் நேர்கிறது: திட்டத்தின் வசதிக்காகக் கிழித்த கோட்டை, அதற்கு முன் நோய் வராது என்ற உறுதிமொழியாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 1,13,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 15.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவின் முன்னிலையும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. முன்னிலையில் இருப்போர் மட்டும் 13.6 கோடி. மேலைநாட்டவரைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே இந்தியர்களுக்கு நீரிழிவு தொடங்குகிறது என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. பத்தாண்டு முன்னதாக வருவதைத் தேட, நாமும் முன்னதாகவே புறப்பட வேண்டாமா?

வயதுக்குச் சுழியம், ஆயினும் அறுபது

எல்லா இளைஞர்களும் எல்லாச் சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யாருக்கு இடர் மிகுதி என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு ஓர் எளிய கருவி நம் நாட்டிலேயே உருவானது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறைக்கு ஒரு துளி இரத்தமும் தேவையில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் வரலாறு ஆகிய நான்கையும் கொண்டு நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இடர் மிகுதி. 30 முதல் 50 வரை நடுத்தரம்.

35 வயதுக்கு உட்பட்டோருக்கு வயதின் பேரில் மதிப்பெண் சுழியம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவை எட்டினால் 10. அதற்கு மேல் இன்னும் 10 செ.மீ. கூடினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் நாற்காலியில்தான் என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

26 வயதுக் கணினிப் பணியாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இடுப்பு 94 செ.மீ.; நாள் முழுதும் திரை முன் அமர்ந்த வேலை; உடற்பயிற்சி இல்லை; தாய்க்கும் தந்தைக்கும் நீரிழிவு. வயதுக்குச் சுழியம் பெற்றும் அவர் கணக்கு 60ஐத் தொட்டுவிடுகிறது. இளமை அவரைக் காக்கவில்லை. ஆனால் அதே கணக்கில் நம்பிக்கைக்கும் இடமுண்டு. முறையாக உடற்பயிற்சி தொடங்கினால் 30 என்பது 20ஆகக் குறைகிறது. இடுப்பும் 90க்குக் கீழ் வந்தால் மொத்தம் 40. பெற்றோரை மாற்ற இயலாது. மற்ற இரண்டையும் மாற்ற இயலும்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது தையற்காரரின் அளவு நாடா ஒன்றே. கால்சட்டையின் அளவைச் சொல்லித் தப்பக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். எடையைப் பொறுத்தும் நமக்கு அளவுகோல் வேறு: உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு உலக அளவில் 25க்கு மேல் மிகுதி எனக் கொள்ளப்பட்டாலும், இந்தியர்களுக்கு 23 முதலே எச்சரிக்கை தேவை என்கின்றனர் மருத்துவர்கள். மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் நம்மிடையே இயல்பாகக் காணப்படுவதே அதற்குக் காரணம்.

எதை, எப்போது?

இரத்த அழுத்தத்தை 18 வயது முதலே பார்க்கத் தொடங்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் காப்பியும் புகையும் கூடா. 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால், ஒரே நாளில் அஞ்சி முடிவெடுக்காமல் வேறொரு நாளும் பார்த்து மருத்துவரிடம் செல்வதே முறை. இந்நோய்க்கு வலியில்லை, மயக்கமில்லை. ஆதலால் அளவு ஒன்றே அறிகுறி.

சர்க்கரைச் சோதனை, எடையோ இடுப்போ மிகுந்து, பெற்றோரின் நோய் வரலாறு போன்ற வேறோர் இடரும் உள்ளவர்களுக்கு இருபதுகளிலேயே தேவை. வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்து, மறுசோதனையிலும் உறுதியானால் அது நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடைப்பட்டது முன்னிலை எனக் கொள்ளப்படுகிறது. இயல்பாக இருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும். முன்னிலையாயின் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முன்னிலையில் கண்டறிவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு, 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு விடை சொல்கிறது. நடுவயதினரிடையே நடந்த அந்த ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோயாக முற்றும் இடர் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது.

இளம்பெண்களின் கணக்கு வேறுவிதமானது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு அது உண்டு. படியேறினால் மூச்சு வாங்குவதையும் மாலையில் தலை சுற்றுவதையும் வேலைக் களைப்பு என்று பெண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் அளவு 12க்குக் கீழ் இருந்தால் அது களைப்பு மட்டுமன்று. கருவுற்ற காலத்தில் சர்க்கரை கூடிப் பின் இயல்பானவர்களும் அத்துடன் கணக்கை முடித்துவிடக் கூடாது. அவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. புகையிலை மெல்லும் பழக்கமுள்ளோர் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால் முப்பது வயதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மனம் சோர்ந்து உறக்கம் கெடுவதும் கவனிக்க வேண்டியதே. அதற்கென 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது.

அதிகம் என்பது நன்மையன்று

சோதனையே செய்துகொள்ளாதவர் ஒருபுறம் இருக்க, முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் அறுபது, எழுபது அளவுகளை ஒரே நாளில் பார்த்துவிடுவோர் மறுபுறம் பெருகி வருகிறார்கள். இதையும் நாம் ஏற்கவில்லை. ஆய்வகத் தாளில் இயல்பான அளவு என்று அச்சிடப்படுவது, பெரும்பாலும் நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரின் அளவை ஒட்டி வகுக்கப்பட்டது. எஞ்சிய 5 விழுக்காட்டினர் நலமாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஆகவே முழு நலமுள்ள ஒருவர் 60 அளவுகளைப் பார்த்தால், சராசரியாக மூன்றேனும் தடித்த எழுத்தில் வரும். அந்த மூன்றையும் துரத்திக்கொண்டு மறுசோதனை, ஸ்கேன், அச்சம், செலவு என்று ஓடுவோரை நாம் காண்கிறோம். இரத்த அழுத்தம், இடுப்பு, எடை, தேவையுள்ளோருக்குச் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் என்ற சிறு பட்டியலை இருபது ஆண்டு தொடர்ந்து குறித்து வைப்பது, ஒரே நாளில் நூறு அளவுகளைப் பார்ப்பதினும் பயன் தரும். ஓர் ஆண்டின் அளவு நிலையைக் காட்டும்; பத்து ஆண்டுகளின் வரிசை போக்கைக் காட்டும்.

தெரியாமல் இருப்பது பாதுகாப்பா?

சோதனைக்குத் தயங்குவோர் பலரிடம் வெளியே சொல்லாத ஓர் அச்சம் உண்டு. நோய் தெரிந்துவிட்டால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது, தெரியாமலே இருந்தால் மறைத்ததாகாது என்பது அந்தக் கணக்கு. அது தவறான கணக்கு. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வரையறுத்தது. உண்மையைச் சொல்லி 25 வயதில் காப்பீடு எடுப்பவருக்கு 28 வயதில் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடும். அறியாமல் இருப்பவரின் நோயோ எந்தக் காத்திருப்புக் காலத்தையும் மதிப்பதில்லை. அது சிறுநீரகத்திலும் கண்ணிலும் இரத்த நாளங்களிலும் தன் வட்டியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கே அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நோய்த்தடுப்புப் பரிசோதனைக்காகச் செலவிடும் தொகையில் 5,000 ரூபாய் வரை, 80டி என்று பலரும் அறிந்த பிரிவின் மொத்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளப் பழைய வருமான வரிமுறையில் இடமுண்டு. ரொக்கமாகச் செலுத்தினாலும் இச்சலுகை பொருந்தும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாக வைக்கப்பட்டுள்ளது. அதில் இச்சலுகை இல்லை. வேலையில் புதிதாகச் சேரும் இளைஞர் இயல்பாகவே புதிய முறைக்குள் வந்துவிடுகிறார். ஊக்கம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகிறது. இச்சிறு தொகையைப் புதிய முறையிலும் அளிப்பது பெருஞ்சுமையாகாது. மேலும், முப்பதுக்கு உட்பட்டோரிலும் பெற்றோருக்கு நோயுள்ளவர்களையும் இடுப்பு மிகுந்தவர்களையும் மட்டுமேனும் பொதுச் சோதனையில் சேர்க்கலாம்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. வங்கிகளும் அதில் அடங்கும். ஆண்டுக்கொரு மருத்துவ முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடியாது. முடிவுகள் ஊழியரின் கையில் மட்டுமே சேர வேண்டும்; மேலாளரின் மேசைக்குப் போகக் கூடாது. பதவி உயர்வையோ பணியிட மாற்றத்தையோ அது தொடும் என்ற ஐயம் இருக்கும்வரை எந்த இளைஞரும் மனமுவந்து கை நீட்டமாட்டார்.

வாசகர்களிடம் நாம் கேட்பது சிறிது. உங்கள் மகனோ மகளோ முதல் சம்பளம் வாங்கும் மாதத்தில், நியமனதாரர் பெயரைப் பதிந்தாயிற்றா, தொடர் வைப்பு தொடங்கியாயிற்றா என்று கேட்கிறீர்கள். அதே நாளில், இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதைச் சொல்லும்போது குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிலமும் நகையும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் நாம், அவர்கள் பிறப்போடு பெற்ற இந்த இடரையும் அறிவித்துவிடுவதே நேர்மை.