ஒரு மாதத்தில் பத்துக் கிலோ

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கலாம்" என்ற விளம்பரத்தை இந்த மாதம் மட்டும் நான்கைந்து பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். "டீச்சர், நீங்க சுகாதாரம் படிப்பிக்கிறீங்கதானே, இதக் குடிக்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. குடிக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒழுங்காக எழுதாத பவுடரும் வேண்டாம், கெப்சூலும் வேண்டாம், மூலிகைத் தேத்தண்ணியும் வேண்டாம். சிபுட்ரமின் என்று பசியைக் குறைக்கும் மருந்து ஒன்று இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று கண்டு 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும், 'முற்றிலும் இயற்கை' என்று எழுதி விற்ற மெலியும் மருந்துகளுக்குள் அதே சரக்கு கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். பிரஷர் குளிசை எடுக்கிற உங்கள் ராத்தா இதைத் தெரியாமல் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பவுடரை வாங்க வைக்கிற எண்ணத்தைப் பற்றி. உடம்பு வைப்பது அவரவர் குற்றம், வாயைக் கட்டினால் சரியாகிவிடும், கட்டாதவர் சோம்பேறி என்ற எண்ணம். கலியாணப் பேச்சு வந்ததும் பெண்பிள்ளையைப் பட்டினி போடுகிறோம். வகுப்பில் கொஞ்சம் உடம்பான பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பாடசாலைக் கேற்றில் பிள்ளையை விட வந்த தாயிடம் "என்ன இப்பிடி ஊதிட்டீங்க?" என்று சலாத்துக்கு அடுத்த வார்த்தையாகக் கேட்கிறோம். அந்தத் தாய் சிரித்துக்கொண்டுதான் போவார். போய் அன்றிரவே அந்தப் பவுடருக்கு ஓடர் கொடுப்பார்.

வாயைக் கட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 'த பிக்கஸ்ட் லூசர்' என்று மெலிவதைப் போட்டியாக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதில் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். சராசரி 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிடக் கவலையான செய்தி, சும்மா இருக்கும்போது அவர்களுடைய உடம்பு எரிக்கிற சக்தி, அவர்களின் பருமனுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும்! உடம்பு அவசரமாகக் குறைந்த எடையைப் பஞ்சம் என்றே விளங்கிக்கொள்கிறது. இதில் எங்கே சோம்பேறித்தனம்?

எங்கள் கண்ணாலேயே பார்த்த ஒன்று இருக்கிறது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை. கல்லடிப் பாலத்திலிருந்து நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் தாண்டிக் காத்தான்குடி வரைக்கும் கல்முனை வீதி முழுக்க சைக்கிள். அதிபர்மாரும் சைக்கிளில்தான் வந்தார்கள். அந்த மாதங்களில் யாருக்காவது திடீரென்று மனக்கட்டுப்பாடு வந்ததா? வரவில்லை. வீதி மாறியது, கடை மாறியது, நாங்களும் மாறினோம். பெற்றோல் வந்தது, சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்தது.

கியூபாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் எண்ணெயும் சாமானும் நின்று, 1991 முதல் 1995 வரை சனம் நடந்தது, சைக்கிள் ஓடியது, குறைவாகச் சாப்பிட்டது. சராசரியாக ஆளுக்கு ஐந்தரைக் கிலோ குறைந்தது. பின்னால் நீரிழிவு, இருதய நோய் மரணங்களும் குறைந்தன. நிலைமை சீரானதும் எடை திரும்பியது, சீனி வருத்தமும் திரும்பியது. தயவுசெய்து இதை வாசித்துவிட்டு டீச்சர் பஞ்சத்தைப் புகழ்கிறார் என்று எழுதாதீர்கள். 2022இல் எத்தனை பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் இருந்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது, எடை என்பது தனி ஆளுக்குள் மட்டும் இருக்கிற விடயமில்லை என்பதைத்தான்.

சுற்றி இருப்பதை மாற்றுவதென்றால் முதலில் அடுப்படி. அதிலும் சீனிப் போத்தல். மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ நாளுக்கு ஐந்து என்று வையுங்கள். கரண்டிக்கு 4 கிராம் என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில் வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் மேல் எல்லை, 25 கிராம் என்றால் இன்னும் நல்லது. பணிஸ், பிஸ்கட், சோடாவில் இருக்கிற சீனியும் அதற்குள்தான். ஐந்து பேர் உள்ள வீடு என்றால் 25 கிராம் கணக்கில் மாதத்துக்கு நாலு கிலோவும் வராது. உங்கள் வீட்டு மாதச் சாமான் துண்டை எடுத்துப் பாருங்கள். நான் ஆட்களை நிறுக்கச் சொல்லமாட்டேன், சீனியை நிறுங்கள். கிழமைக்குக் கால் கரண்டியாகக் குறைத்தால் நாக்குக்கே தெரியாது. முழு வீட்டுக்கும் குறையுங்கள். உம்மாவுக்கு மட்டும் சீனியில்லாத தேத்தண்ணி, மற்ற எல்லாருக்கும் பழையபடி என்று வைத்தால் உம்மா எத்தனை நாளைக்குத் தாங்குவார்?

அடுத்தது மா. எங்கள் பாட்டிமார் காலையில் அரிசிமாப் பிட்டு அவித்தார்கள், இரவில் சோறும் மீன் ஆணமும். கோதுமை மா வெளியிலிருந்து வந்த சாமான். 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை வந்த பிறகு அது எப்போதும் கையில் கிடைக்கிற பொருளாகிவிட்டது. இன்று காலையில் பாண், பத்து மணிக்கு ரோல்ஸ், பின்னேரம் பெட்டிஸ், இரவு பராட்டா அல்லது கொத்து. நாலும் ஒரே மா, எண்ணெயில் குளித்த மா. கொத்து எங்கள் கிழக்கில் பிறந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் முன்பு பெருநாளைக்கோ விருந்தாளி வந்தாலோ வாங்கியதை இப்போது போனில் தட்டி எடுக்கிறோம். பக்கெற்றுச் சாப்பாட்டின் வேலையை 2019இல் அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். 20 பேர், இரண்டு கிழமை ஆலைத் தயாரிப்புகள், இரண்டு கிழமை வீட்டுச் சமையல் மாதிரியான உணவு, வேண்டிய அளவு சாப்பிடலாம். மேசையில் வைத்த சீனி, கொழுப்பு, உப்பு இரண்டிலும் ஒரே அளவு. ஆலைத் தயாரிப்பு நாட்களில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி கூடச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள்.

எங்களுக்கு மாற்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மீன், இறால், நண்டு. வேலியில் முருங்கை. வல்லாரைச் சுண்டலும் கங்குனும் கறி என்று கணக்கில் வராத வீடுகள் எத்தனையோ. தட்டில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் போடுங்கள், சோற்றை விடத் தேவையில்லை. நோன்பு காலத்தில்கூட எடை ஏறுகிற சமூகம் நாங்கள். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு பற்றிய ஹதீஸை பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, இப்தாருக்குச் சமோசாவையும் கட்லட்டையும் எண்ணுகிறோம். சஹனில் ஆறு பேருக்கு வைக்கிற இறைச்சியும் எண்ணெய்ச் சோறும் பற்றிக் கலியாண வீட்டில் பேசினால் என்னை அடுத்த முறை அழைக்கமாட்டார்கள், ஆகவே அதை விடுகிறேன்.

கடைசியாக, நான் அதிகம் யோசிக்கிற விடயம். சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. நடையும் சாப்பாட்டுத் திருத்தமும் செய்தவர்களில் நோய் வருவது சும்மா விடப்பட்டவர்களைவிட 28.5 வீதம் குறைவு. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை! எங்கள் மாதிரி சோறு தின்கிற, எங்கள் மாதிரி வயிறு வைக்கிற ஆட்கள். தராசு அசையாவிட்டாலும் நடந்த நடை வீண்போகவில்லை. பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90 என்ற இடுப்புச் சுற்றளவு எல்லையைத் தாண்டியவர்கள் தராசைவிட அளவு நாடாவைப் பார்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்ப்பார்கள்.

ஆண்களுக்கு நடக்க இடம் இருக்கிறது. கடற்கரை இருக்கிறது, கல்லடிப் பழைய பாலம் இருக்கிறது, எந்த நேரமும் வீதி இருக்கிறது. அபாயா போட்ட நாற்பது வயதுத் தாய் அஸருக்குப் பிறகு எங்கே நடப்பார்? வீதியில் நடந்தால் மோட்டார் சைக்கிள் ஹோர்ன், அதைத் தாண்டினால் "எங்க ராத்தா அவசரமா?" என்று கேள்வி. கிளினிக்கில் "நடங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர் வீட்டு முற்றத்தில் கிணற்றைச் சுற்றுகிறார்.

எங்கள் பக்கத்தில் பாடசாலை மைதானங்கள் பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது கிரிக்கெட் நடக்கிறது. கிழமைக்கு நான்கு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம், பெண்களுக்கு மட்டும் ஒரு மைதானம் திறந்தால் போதும். தமிழ்ப் பெண்களும் வரட்டும், முஸ்லிம் பெண்களும் வரட்டும். கேற்றைத் திறந்து பூட்ட ஒரு பொறுப்பாளர், குடிக்கத் தண்ணீர், வேறு செலவில்லை. அபிவிருத்திச் சங்கத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் நான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட விருப்பமான சகோதரிகள் பெயரை இன்பொக்ஸில் போடுங்கள். மைதானத்தில் விளையாடுகிற தம்பிமார், எந்த நாலு நாளை விட்டுத் தருவீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.