பேசும் உரிமை பிச்சையல்ல!

தொழிலாளத் தோழர்களே! கிராணி அன்பர்களே!

"ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டாயிற்று அல்லவா? ஆள்கிறவர்கள் ஆளட்டும். நடுவில் எதற்குக் கூட்டம், கொடி, ஊர்வலம்?" என்று கேட்கும் கனவான்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். செமினி வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பால்மரத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வெட்டினால் பால் கிடைக்குமா? இருட்டோடு எழுந்து, முறை தவறாமல் வெட்டினால்தானே மங்கு நிறையும்? ஜனநாயகமும் அப்படித்தான். ஓட்டுப் போடுவது கன்று நடுவது. இடைவிடாமல் கேள்வி கேட்பதே பால்வெட்டு!

இந்த உரிமையை நமக்கு எவரும் தானமாகத் தரவில்லை. 1941ஆம் ஆண்டைத் திரும்பிப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு மருந்தும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கச் சொன்னார்கள். அதே கோரிக்கைப் பட்டியலில் பேசவும், கூடவும், சங்கம் அமைக்கவும் உரிமை கேட்டார்கள். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டார்கள்.

கூலியும் பேச்சுரிமையும் ஏன் ஒரே பட்டியலில் இருந்தன? வாயைக் கட்டிவிட்டால் வயிற்றையும் கட்டிவிடலாம் என்பது அந்த மக்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது!

அதற்குக் கிடைத்த பதில் என்ன? 1941 மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பித்தார்கள். பட்டாளம் வந்தது. ஐந்து தொழிலாளர் சுடப்பட்டு மாண்டார்கள். "வெளியார் தூண்டிவிட்டார்கள்" என்று பழி போட்டது முதலாளி வர்க்கம்.

அந்தத் துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொல் போகவில்லை! மனித உரிமைக்காக ஓர் இயக்கம் குரல் கொடுத்தால் "அந்நியக் கைக்கூலி" என்கிறார்கள். குடியிருப்பாளர் கூடினால் "எவனோ தூண்டுகிறான்" என்கிறார்கள். பசித்தவனுக்குப் பசியைத் தூண்டிவிட ஆள் வேண்டுமா?

நம் பக்கத்து ஊரான புரோகாவையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் உலை அங்கே வருவதாக இருந்தது. முதலில் பூச்சோங்கில் கட்ட நினைத்தார்கள். அங்கே மக்கள் எதிர்த்ததும் புரோகாவுக்கு மாற்றினார்கள். புரோகா மக்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். 2007ஆம் ஆண்டு அரசாங்கமே அத்திட்டத்தைக் கைவிட்டது. "ஓட்டுப் போட்டாயிற்றே" என்று அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் இன்று நிலைமை என்ன?

பேசவும், அமைதியாகக் கூடவும், சங்கம் சேரவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது நாட்டின் அரசமைப்புச் சட்டம், 10ஆவது விதியில். ஆனால் 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், முன்னறிவிப்புத் தராமல் பேரணி நடத்தியவர்களுக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்க வழி செய்தது. அந்தத் தண்டனைப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரோ ஒருவர் துணிந்து வழக்காடியதால் அல்லவா அந்தக் கதவு திறந்தது?

இனவெறியைக் கிளப்பி அடிதடிக்கு அழைப்பவனுக்காக நாம் வாதாடவில்லை. பிழையாகப் பேசுகிறவன் இருப்பான். அவனுக்குப் பதில் பேச்சுதான், பூட்டு அல்ல.

இனி நம் வீட்டையும் பார்ப்போம். சங்கப் பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கணக்குக் கேட்டால், "உட்காரையா!" என்று அதட்டுகிறோமே, அது நியாயமா? "சங்கத் துரோகி" என்கிறோமே, துரைமார் பேசிய பேச்சல்லவா அது? 1941இல் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளில் போக உரிமை கேட்டார்கள் என்பதைக் கிராணி அன்பர்களும் மறக்க வேண்டாம். அதிகாரம் எவர் கையில் இருந்தாலும் அதைக் கேள்வி கேட்க ஒருவன் வேண்டும். நம் கையில் இருந்தாலும் வேண்டும்!

தோழர்களே! அடுத்த முறை ஓர் இயக்கத்தை அடக்கும்போது "நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் கருத்து நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அவர்கள் பேசும் உரிமை நம்முடையது. இன்று அவர்கள் வாய்க்குப் போடும் பூட்டு, நாளை நம் சங்கக் கதவுக்கும் பொருந்தும். ஐந்து உயிர் கொடுத்துக் கேட்ட உரிமை இது. கைவிடோம்!