சாட்சி சொன்னால் சான்றிதழ் போகுமா?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் காட்டூர் பக்கத்துக் காலனிகளிலும் குடியை விட்டவர்களிடம் எப்படி விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போனேன் என்பவர் குறைவு. "ஜெபத்துக்குப் போனேன், விட்டுட்டேன்" என்பவர்தான் அதிகம்.

முற்போக்காளர்கள் பலர் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஜெபவீட்டுக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் இதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. அப்பா குடியை விட்ட வீட்டில் அடுப்பு எரிகிறது, அம்மா உடம்பில் அடி விழுவதில்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அதைக் கொடுத்தது எதுவாக இருந்தாலும் அதற்கு மரியாதை செய்ய வேண்டும். அதே நேரத்தில், அப்படி மீண்டு வருகிற தலித்திடம் மட்டும் இந்த நாடு கேட்கிற விலையைப் பற்றியும் பேச வேண்டும்.

குடி எங்கிருந்து வருகிறது?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சண்டையில்லாமல் ஏரியைப் பங்கிட்டதற்காக ஆய்வாளர்கள் பலர் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆனால், அந்த உரிமை பரம்பரையாகப் பட்டினவர் சமூகத்து ஆண்களிடம் இருந்துவந்தது. ஆதிதிராவிடருக்கும் இருளருக்கும் மிஞ்சியது பெரும்பாலும் கைத்தொழில்தான். இடுப்பளவு சேற்றுநீரில் மணிக்கணக்கில் நின்று, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்க வேண்டும். முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வரத்து குறையும். இறால் குறைந்தால் கடன் ஏறும்.

உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர், குளிருக்கு ஒரு குவார்ட்டர் என்றுதான் தொடங்குகிறது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அந்தச் சரக்குக்கும் காசு இல்லாதவர் கள்ளச்சாராயத்துக்குப் போகிறார். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் தலித் மக்கள் ஏராளம். "குடிகாரன் செத்தான்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த வேலை, எந்தத் தெரு, எந்தச் சாதி அவனை அந்தப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோனது என்று கேட்க வேண்டும்.

குடிநோய்க்கு மருத்துவம் எந்த அளவில் கிடைக்கிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேருக்குக் குடி தொடர்பான உதவி தேவை என்றது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் எங்கே போவார்கள்? தெருமுனையில் ஓலைக்கூரையோ தகரக்கூரையோ போட்ட ஜெபவீடு திறந்திருக்கிறது. அங்கே போகிறார்கள்.

ஜெபவீடு என்ன கொடுக்கிறது?

முதலில் நேரத்தைக் கொடுக்கிறது. குடிப்பவருக்கு ஆபத்தான நேரம் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை. கூலி கையில் இருக்கும், கூட்டாளி கூப்பிடுவான். அந்த நேரத்தில் ஜெபக்கூட்டம் அவரை உட்கார வைத்துவிடுகிறது. அடுத்து, சேர்க்கை மாறுகிறது. கடைவாசல் நண்பர்களின் இடத்தில், ஒரு நாள் வராவிட்டால் வீடு தேடி வருகிற ஆட்கள் கிடைக்கிறார்கள். மூன்றாவது, மரியாதை. ஊர்த்தெருவில் "டேய்" என்று கூப்பிடப்பட்டவரை இங்கே "பிரதர்" என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவமானப்பட்ட மனிதருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பது நம் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பும் இப்படித்தான் தொடங்கியது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் அதை ஆரம்பித்தார்கள். 'ஆக்ஸ்போர்டு குழு' என்ற கிறிஸ்தவக் குழுவில், தவறை அடுத்தவர் முன் ஒப்புக்கொண்டு ஈடு செய்யும் பழக்கம் இருந்தது. அதிலிருந்துதான் அவர்களுடைய 12 படிகள் பிறந்தன. பிறகு அவர்கள் அந்தக் குழுவிலிருந்து விலகி, எந்த மதத்தவரும் வரலாம், தான் புரிந்துகொண்டபடியே கடவுளை நினைக்கலாம் என்று வாசலை அகலமாக்கினார்கள். 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2020-ல் வந்தது. ஏ.ஏ. வழிக்கு ஆட்களை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாகப் பலன் தருகிறது என்றது அது. ஆகவே "ஜெபத்தால் விட்டேன்" என்பவரை ஏமாளி என்று நினைக்காதீர்கள்.

ஊசியும் வேண்டும்

ஆனால், ஜெபவீடுகளை நடத்தும் பாஸ்டர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அன்றைக்கே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் இல்லாத உருவத்தைக் கண்டு அலறலாம், ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். இது பேய் பிடித்ததல்ல. மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிப்போனதால் வருகிற நோய். மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போகலாம். அந்த நேரத்தில் ஆளை அறையில் பூட்டி, உபவாசம் போடச் சொல்வது கொலைக்குச் சமம். 2001-ல் ஏர்வாடியில், வழிபாட்டால் குணமாகும் என்று சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். எந்த மதத்தின் பெயரால் என்றாலும், கட்டிவைப்பது வைத்தியம் ஆகாது.

பில் வில்சனுக்கும் அந்த ஆழ்ந்த இறை அனுபவம் வந்தது ஒரு மருத்துவமனைக் கட்டிலில்தான். 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் மருத்துவரின் கவனிப்பில் இருந்தபோதுதான் அவர் குடியை விட்டார். அவரோடு சேர்ந்து அமைப்பைத் தொடங்கிய பாப் ஸ்மித் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். முதல் வாரம் மருத்துவமனை, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கூட்டம் என்பதுதான் சரியான வரிசை.

சாட்சி என்னும் மருந்து

ஜெபவீட்டில் 'சாட்சி சொல்வது' என்று ஒரு வழக்கம் உண்டு. குடித்துச் சீரழிந்தவர் எழுந்து நின்று, தான் எப்படி இருந்தேன், எப்படி மாறினேன் என்று சபை முன்னால் சொல்வார். கேட்பவர்களுக்கு அது கதைபோலத் தெரியலாம். சொல்பவருக்கு அதுதான் மருந்து. தன்னை அறிந்தவர்கள் முன் சொன்ன சொல் அவருக்குக் காவலாக நிற்கிறது. நாளை கடைப்பக்கம் கால் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் நிற்கிறது. ஏ.ஏ. கூட்டத்தில், பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு ஒருவர் தன் கதையைச் சொல்வதும் இதே வைத்தியம்தான். உள்ளே புதைத்து வைத்திருக்கிற மனிதருக்குத்தான் மறுபடி பாட்டில் தேவைப்படுகிறது.

இங்கேதான் தலித் மாட்டிக்கொள்கிறார்.

1950-ம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியில்தான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். மாநில அரசின் சில கல்வி உதவிகள் அவர் பிள்ளைகளுக்குத் தொடர்கின்றன. எஸ்.சி. இடஒதுக்கீடும் தனித் தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லாமல் போகின்றன.

நம் ஏரிக்கரையில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு பட்டினவர், ஒரு இருளர், ஒரு ஆதிதிராவிடர் ஆகிய மூன்று பேரும் ஒரே ஜெபவீட்டில் குடியை விட்டு, ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருப்பார். அந்தப் பதிவில் கிறிஸ்தவராக மாறியவர்களும் அடக்கம். இருளர் பழங்குடிப் பட்டியலிலேயே இருப்பார். பழங்குடிப் பட்டியலுக்கு மதத் தடை இல்லை. ஆதிதிராவிடர் மட்டும் தன் பட்டியலை விட்டு இறங்க வேண்டும். மூன்று பேரும் இறங்கியது ஒரே தண்ணீரில்தான்.

அதனால் அவர் என்ன செய்கிறார்? மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற ஆண்டு வந்தால் கூட்டத்தில் பின்வரிசைக்கு நகர்கிறார். சாட்சி சொல்ல எழுவதில்லை. படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தால் சுவரில் இருக்கும் வசனக் காலண்டரைக் கழற்றுகிறார். தன்னைக் குடியிலிருந்து மீட்டதையே ஒரு குற்றம்போல ஒளித்து வைக்கிறார். இது வெறும் மனப்பிரமை அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் சிலுவை தொங்கியதைக் காட்டி அவரது சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளைக் கண்டித்து, தேவாலயத்துக்குப் போவதாலேயே ஒருவர் மதம் மாறியவர் ஆகிவிடமாட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. அவர் திருமுழுக்கு பெற்றதும், தவறாமல் தேவாலயம் போனதும் அவருக்கு எதிரான ஆதாரங்கள் ஆயின. ஏரியின் அந்தப் பக்கம் இருக்கும் ஆந்திரத்தில், 2025-ல் உயர் நீதிமன்றம், மதம் மாறிய போதகர் வன்கொடுமைச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்றது.

ஜெபவீட்டில் சாட்சி என்பது மருந்து. தாலுகா ஆபீஸில் அதே சாட்சி ஆதாரம்.

சாதி எங்கே போனது?

"மதம் மாறினால் சாதி இல்லையே, பிறகு சலுகை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துவாக இருக்கும் தொழிலாளிக்குக் கொடுத்த பங்க் கடையைத் தனக்கும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-ல் வழக்கு தள்ளுபடியானது. சாலையோரத்தில் அதே ஊசியோடு அதே தோலைத் தைத்த மனிதரிடம் ஆதாரம் கேட்டார்கள். 2008-ல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கல்லறையில்கூட சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. குடியை விட வைத்த கடவுளாலும் சாதியை விட வைக்க முடியவில்லை. காரணம், சாதி அவரிடம் இல்லை, அவரைப் பார்ப்பவரிடம் இருக்கிறது.

"அவர்களையும் சேர்த்தால் நம் பங்கு குறையுமே" என்று நம் மக்களில் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆட்கள் கூடினால் இடஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும் என்று சேர்ந்து கேட்பதே அதற்கு வழி. ஒரே தெருவில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறு சான்றிதழ் என்று பிரிந்து கிடப்பது வழியல்ல. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. மத்திய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்துவிட்டு, கெடுவை நீட்டித்தது.

என்ன செய்யலாம்?

பாஸ்டர்கள், குடியை விட வருபவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. அந்த எண்ணை ஒவ்வொரு ஜெபவீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கட்டும். அரசு 2025-ல் தொடங்கிய 'கலங்கரை' மீட்பு மையங்களின் சேவை ஏரிக்கரை ஊர்களுக்கும் வந்து சேர வேண்டும். சென்னையின் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மஞ்சக்குடியில் ஊர் மக்களின் துணையோடு கிராம முகாம் நடத்திக் காட்டியிருக்கிறது. அதுபோன்ற முகாமைப் பழவேற்காட்டிலும் நடத்தலாம். மதம் மாற விரும்பாதவருக்கு ஏ.ஏ. கூட்டம் போன்ற பொதுக் கூட்டம் ஒன்று ஊருக்கு வேண்டும். குடியை விட மதம் மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் நல்லதல்ல.

தலித் இயக்கங்கள் மதுவிலக்கு மேடையில் மட்டும் குடியைப் பற்றிப் பேசினால் போதாது. இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் மதுக்கடை மூடலுக்காகக் குரல் கொடுத்த மரபு நமக்கு உண்டு. குடியை விட்டவரைக் கைபிடித்து நிறுத்தும் வேலையையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மாலை 6 மணிக்கு நம் படிப்பகங்கள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பா ஜெபவீட்டில் எழுந்து நின்று "நான் குடிகாரனாக இருந்தேன்" என்று சொன்னால் கூச்சப்படாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்த மிகத் துணிச்சலான காரியம் அது. அதைச் சொன்னதற்காக உங்கள் சான்றிதழுக்கு ஆபத்து வருமென்றால், வெட்கப்பட வேண்டியது அப்பா அல்ல. 1950-லிருந்து முழுதாக நீக்கப்படாமல் கிடக்கும் அந்த மதத் தடைதான் வெட்கத்துக்குரியது.