நாலு பாஷையிலும் ஏவல்தான்

ஓசூர்க்காரனுக்கு நாலு பாஷை தெரியும் என்று பெருமையடிக்காத ஆள் இங்கே இல்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம், சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் இந்தி. சரி, அந்த நாலாவது பாஷையில் நமக்கு என்னதான் தெரியும்? 'ஆவோ', 'ஜாவோ', 'உட்டாவோ', 'ஜல்தி கரோ'. அவ்வளவுதான். 'ஆயியே', 'பைட்டியே' என்று மரியாதையாக ஒருவராவது சொல்லிக் கேட்டதுண்டா?

மீசை நரைத்த ஒடிசாக்காரர் மூச்சு வாங்க டிராலி தள்ளிக்கொண்டு வருகிறார். இருபத்திரண்டு வயசு சூப்பர்வைசர் விரலைச் சொடுக்கி, 'ஏய், இதர் ஆ!' என்கிறான். அதே வாய்தான் பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வந்தால், 'பன்னி சார், குத்கொள்ளி' என்று கன்னடத்தில் குழைகிறது. எழுபதுகளில் சிப்காட் வந்தபோது தெற்கேயிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் வெளியூர்க்காரர்கள்தானே? அவர்கள் பிள்ளைகளில் பலருக்கு இன்று அதெல்லாம் மறந்தே போச்சு.

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் அந்த வசதி இருக்கிறது. பாஷைமேல் பழி போட வழியே இல்லை.

கொடுமை என்னவென்றால், வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் தமிழ் படிப்பதும் நம்மிடம்தான். 'எடு', 'தூக்கு', 'அங்க வை', 'சீக்கிரம் வா'. காதில் விழுவது இதுதான் என்றால் வாயில் வேறென்ன வரும்? பாகலூர் ரோட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அப்படி வந்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே, 'அக்கா, நீ ஒரு முழம் குடு' என்கிறான். பாட்டி முகம் சுண்டிப் போகிறது. பக்கத்தில் நிற்கும் நம்மாளுக்குக் கொதிக்கிறது: 'மரியாதை தெரியாத பசங்க!' யோவ், சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார்?

பொதுமக்களை 'எடா', 'எடீ' என்று விளிக்கக் கூடாது என்று கேரளப் போலீசுக்கு அங்குள்ள உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே வருஷம் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து, தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' வேண்டாம் என்றே தீர்மானம் போட்டது. நமக்கு கோர்ட்டும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் பேர் இருக்கிறது, படிக்கலாமே! அதற்கும் சோம்பல் என்றால் 'அண்ணா' போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் பொது. அந்த ஒடிசாக்காரர்கூட நம்மை அப்படித்தான் கூப்பிடுகிறார், அதுவும் தன்னைவிடச் சின்னப் பையன்களை.