முதலில் கிளினிக் ஊசி, பிறகு ஆசாரி ஊசி



போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பெரட்டு முடிந்த கையோடு ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். எட்டு மாதப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காது குத்தியிருக்கிறார்கள். வலது காது கொழுக்கட்டை போல வீங்கி, கல் வைத்த தோடு சதைக்குள் புதைந்து, ஓரத்தில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அதன் மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது.

சுத்தம் செய்து, கடிதம் எழுதி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். நல்ல வேளை, காது பிழைத்தது. ஆனால் கடிதம் எழுதும்போது பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் மாத ஊசி போட்டிருந்தது. மூன்றாம் மாத ஊசியும் போட்டிருந்தது. ஐந்தாம் மாதக் கட்டம் காலியாகக் கிடந்தது.

“ஏம்மா, இதை ஏன் போடலை?”

“அன்னிக்குப் பேர் போடாட்டி சம்பளத்துல அடிபடும்ங்க ஐயா. அவருக்கும் லீவு கிடைக்கலை. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்.”

“கோயில்ல எத்தனை பிள்ளைங்களுக்குக் குத்தினாங்க?”

“பதினொண்ணு இருக்கும்ங்க.”

“ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசியை மாத்தினாங்களா?”

“அதை யாருங்க பார்த்தா? பிள்ளை அழுததைத்தான் பார்த்தோம்.”

இந்தக் கடைசிப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

காது குத்துக்காகத் தாய்மாமன் ஈப்போவிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். பந்தல் போட்டு, கிடா வெட்டி, நாற்பது பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவது நம்முடைய குடும்பச் சந்தோஷம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் பெஸ்தாரி ஜெயா, எங்கே போனாலும் இந்த வழக்கம் உண்டு. அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? என் பிள்ளைகளுக்கும் குத்தித்தான் இருக்கிறது. நான் சொல்வது வரிசை பற்றித்தான். முதலில் கிளினிக் ஊசி. பிறகு ஆசாரி ஊசி.

காரணத்தைச் சொல்கிறேன். டெட்டானஸ் என்னும் இரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது. அதன் வித்து கொதிக்கிற நீரில்கூட எளிதில் சாகாது. சின்னக் காயம் போதும், உள்ளே போய்விடும். வாய் கிட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்துவிடும். இதற்கான தடுப்பூசி இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களிலும், பிறகு பதினெட்டாம் மாதத்திலும் போடப்படுகிறது. மூன்று ஊசியும் முடிந்தால்தான் பிள்ளைக்கு நம்பிக்கையான காவல்.

அடுத்தது, ஈரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி. இந்தக் கிருமி காய்ந்த இரத்தத்தில் குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளையின் காதில் ஏறிய ஊசியைத் துணியில் துடைத்து அடுத்த பிள்ளையின் காதில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் ஊசி வழியாகப் பரவும் எல்லா நோய்க்கும் தடுப்பூசி கிடையாது. ஹெப்பாடைட்டிஸ் சி-க்கு இல்லை. எச்.ஐ.வி.-க்கும் இல்லை. ஆகவே தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் புது ஊசிதான் வேண்டும்.

இதைச் சொன்னதும் ஒரு பாட்டி என்னை மடக்கினார்.

“ஏன் தம்பி, எனக்குக் குத்துறப்போ எந்த ஊசி போட்டாங்க? காது நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கு பாட்டி. உங்க அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒம்பது பெத்தாங்க. அஞ்சு நின்னோம்.”

அதற்கு மேல் பாட்டியும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன நாலு பேரும் காது குத்தி இறந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்தவர்கள்தானே இன்று சாட்சி சொல்கிறார்கள்? போனவர்கள் வந்து பேசவா போகிறார்கள்?

நாள் தள்ளிப் போகுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் வீடுகளில் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்துவார்கள். இவை எல்லாமே ஐந்தாம் மாத ஊசிக்குப் பிறகுதான் வருகின்றன. பஞ்சாங்கத்துக்கும் கிளினிக் புத்தகத்துக்கும் சண்டையே இல்லை! பழைய வைத்திய நூலான சுசுருத சம்ஹிதையும் ஆறு அல்லது ஏழாம் மாதத்தில் குத்தச் சொல்கிறது. பிள்ளையை மடியில் வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டும். காது மடலை வெயிலில் பிடித்து, வெளிச்சம் ஊடுருவும் இடம் பார்த்துக் குத்த வேண்டும். தப்பான இடத்தில் குத்தினால் காய்ச்சலும் வீக்கமும் வரும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து வைத்தியரே அவ்வளவு கவனம் பார்த்திருக்கிறார். நாம் திருவிழாக் கூட்டத்தில் வரிசையில் நின்று அவசரமாகக் குத்திக்கொண்டு வருகிறோம்.

இனி, கவனிக்க வேண்டியவை:

ஆசாரியானாலும் கடைக்காரரானாலும் ஊசியோ கம்பியோ உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து புதிதாக வர வேண்டும். நெருப்பில் காட்டியது, ஸ்பிரிட்டில் நனைத்தது என்றால் போதாது. பட்டணத்துக் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் குத்துகிறார்கள். பல கடைகளில் அதை முழுதாகக் கொதிக்க வைக்க முடியாது. பின்பக்கப் பூட்டும் இறுக்கமாக விழுந்துவிடும். இந்தப் பிள்ளைக்குத் தோடு புதைந்த மாதிரி புதைவது அதனாலும் நடக்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சலோ சொறிசிரங்கோ இருந்தால் அன்று குத்த வேண்டாம். மாமன் வந்துவிட்டார் என்பதற்காகக் குத்த வேண்டாம்.

சின்னத் தங்க வளையம் போதும். மட்டமான கவரிங்கில் நிக்கல் கலந்திருக்கும். அரிப்பெடுத்துத் தண்ணீர் கட்டும். ஜிமிக்கி வேண்டாம், பிள்ளையே இழுத்துக் காதை அறுத்துக்கொள்ளும். திருகாணி கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும், ஜாக்கிரதை.

குத்திய பிறகு மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல், புகையிலைச் சாறு எதையும் வைக்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். ஆறு வாரம் நகையைக் கழற்றாதீர்கள். சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், தோடு உள்ளே இறங்கினால் அன்றைக்கே வந்து காட்டுங்கள். நாலு நாள் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, நமது சங்கக் கிளைத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாய் சோம்பேறி அல்ல. ஒரு நாள் சம்பளமா, பிள்ளையின் ஊசியா என்று அவரை நிறுத்தி வைத்தது யார்? கிளினிக் தேதி புத்தகத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. அன்று தாய்க்குச் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடவும், தோட்டத்து வண்டி கொடுக்கவும் நிர்வாகத்திடம் பேசுங்கள். போனஸுக்கும் வீட்டுக்கும் கேட்கிற சங்கம் இதையும் கேட்க வேண்டும்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த திருவிழாவுக்குக் காது குத்து இருந்தால் ஒரு வாரம் முன்னால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புது ஊசி, பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு நானே வந்து ஆசாரி பக்கத்தில் நிற்கிறேன். குத்துவது அவர் வேலை. பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை.

மாமன் மடி எங்கேயும் போய்விடாது. ஊசியைப் போட்டுவிட்டு உட்கார வையுங்கள்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர், கோல சிலாங்கூர் வட்டாரம்