தாயக்கட்டைக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு மறுவாழ்வு குடுத்தது 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பும், 2016-ல வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரும்தான்னு நண்பர் ஒருத்தர் ஒரே அடம். தொடரால கூட்டம் சேர்ந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா கூட்டம் வர்ற வரைக்கும் ஆட்டத்தை உசுரோட வச்சிருந்தது யாரு சாமி?

1974-ல கைகாக்ஸும் ஆர்னசனும் போட்டது மூணே மூணு குட்டிப் புத்தகம். பின்னாடி வந்த பழைய பதிப்பு விதிகளை 2006-ல ஆஸ்ரிக்னு மறுபடி எழுதி இலவசமா விட்டது ரசிகர்கள்தான். 2023 ஜனவரியில கம்பெனி லைசென்ஸை இறுக்கப் பாத்துச்சு. ரசிகர்கள் சந்தாவை ரத்து பண்ணி சத்தம் போட்டதுல, அந்த மாசமே பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுச்சு.

எங்க முத்தியால்பேட்டைத் திண்ணையில பாட்டி சாக்பீஸால கட்டம் போட்டு, "தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்"னாங்க. அடுத்த தெருவுல வேற விதி. யாராவது ராயல்டி கேட்டாங்களா?

தாயத்தை இப்போ அழகான பெட்டியில போட்டு விக்கிறாங்க. நல்லதுதான். ஆனா வாங்கி அலமாரியில வச்சிட்டு 'மீட்டெடுத்தோம்'னு சொல்லாதீங்க மக்கா. ஆட ஆள் இருந்தாத்தான் ஆட்டம்.

ஞாயித்துக்கிழமை யாரு வர்றீங்க? கட்டை என்கிட்ட இருக்கு. காய்க்குப் புளியங்கொட்டை நீங்க கொண்டாங்க!